பதினான்கு வருடமாக ஒரே கம்ப்யூட்டர்: ஐ5-2500கே அனுபவம்

2011 தீபாவளி முடிந்த கையோடு சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் அசெம்பிள் செய்து, வேலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கம்ப்யூட்டர் இது. மூளையான சிப் இன்டெல் ஐ5-2500கே, 4 கோர், 3.3 கிகாஹெர்ட்ஸ். பெயரின் கடைசியில் இருக்கும் ‘கே’தான் விஷயமே. சிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்ணான மல்டிபிளையருக்குப் பூட்டு இல்லை, நாமே கூட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தம். ஆனால் எச்61 வகை மதர்போர்டில் மாட்டினால் அந்தக் ‘கே’யால் ஒரு பயனும் இல்லை. கடைக்காரர் "எச்61 போதும் சார், எதுக்கு வீண் செலவு" என்றார். நான் பிடிவாதமாக, வேகத்தைக் கூட்டவிடும் பி67 போர்டை வாங்கினேன். அந்தப் பிடிவாதத்துக்குப் பலன் கிடைக்க ஐந்து வருடம் ஆனது.

2016-ல் கல்யாண வீடியோ எடிட்டிங் வேலை பகுதிநேரமாக வர ஆரம்பித்ததும் மெஷின் திணறியது. புதிதாக வாங்கக் கையில் காசு இல்லை.

முதலில் போட்டது எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பகம். பழைய மெஷினுக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்பவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம். விண்டோஸ் திறந்து மவுஸ் நம் சொல் கேட்க இரண்டு நிமிடம் ஆனது போய், இருபது நொடியில் ரெடி. முதல் நாள் மட்டும் வேகம் நொடிக்கு 270 எம்பியைத் தாண்டவே இல்லை. டூப்ளிகேட் பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டேன். போர்டில் டிஸ்க் ஒயரைச் சொருகும் சாட்டா சாக்கெட் ஆறு. அதில் இரண்டுதான் 6 கிகாபிட். நான் சொருகியிருந்தது 3 கிகாபிட் சாக்கெட்டில். ஒயரை மாற்றியதும் 500-ஐத் தாண்டியது.

அப்புறம் சிப்பைக் குளிர்விக்க கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 ஒன்றை மாட்டிவிட்டு, டிசம்பர் குளிரில் ஓவர்கிளாக்கிங்கில், அதாவது சிப்பைக் கம்பெனி சொன்னதைவிட வேகமாக ஓட்டும் வேலையில் இறங்கினேன். இந்தத் தலைமுறை சிப்பில் மல்டிபிளையரால் பெருக்கப்படும் அடிப்படை வேகமான 100 மெகாஹெர்ட்ஸ் பேஸ் கிளாக்கைத் தொடாமல் இருப்பது நல்லது. சாட்டா, யுஎஸ்பி எல்லாமே அதை நம்பித்தான் ஓடுகின்றன. மல்டிபிளையரை மட்டும் ஒவ்வொன்றாக ஏற்றி, சிப்பை முழு வேகத்தில் வேலை வாங்கிச் சோதிக்கும் பிரைம்95 ஓடவிட்டு, தொங்கினால் வோல்டேஜைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். 4.5 கிகாஹெர்ட்ஸ், 1.32 வோல்ட்டில் நின்றது. வெப்பம் 68 டிகிரி. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிப்ரவரியில் 4 ஜிபி ராமோடு இன்னொரு 4 ஜிபி சேர்த்தேன். செகண்ட் ஹேண்ட், வேறு கம்பெனி. மூன்றாம் நாளிலிருந்து ப்ளூ ஸ்க்ரீன். ஓவர்கிளாக்தான் காரணம் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். 4.4-க்கு இறக்கினேன், 4.3-க்கு இறக்கினேன், வோல்டேஜைக் கூட்டினேன். இப்படியே இரண்டு வாரம் போயிற்று. கடைசியில் எல்லாவற்றையும் கம்பெனி செட்டிங்குக்கே கொண்டுபோன பிறகும் அதே நீலத் திரை வந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள், எல்லாம் ராமின் பிழைகள். செகண்ட் ஹேண்ட் ராம் என்றால் அதை முதலில் தனியாக மாட்டி, ஒரு ராத்திரி இந்தச் சோதனையை ஓடவிடுங்கள். நான் கொடுத்த காசு போனது போனதுதான்.

மே மாதம் வந்தது. வேலூர் அக்னி நட்சத்திரம் எப்படி என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மின்விசிறியே அனல் காற்றைத்தான் வீசும். ஒரு மதியம் வீடியோ எக்ஸ்போர்ட் பாதியில் இருக்கும்போது பார்த்தால் 91 டிகிரி. கேபினெட்டைத் திறந்தேன். ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு மெத்தை மாதிரி தூசி; நுனியைப் பிடித்து இழுத்ததும் கிழியாமல் ஒரே துண்டாக வந்தது. சுத்தம் செய்த பிறகும் 84-க்குக் கீழே இறங்கவில்லை.

அன்றைக்குத்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிப் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாகவும் ஏறும். என் சிப்புக்கு 4.2 கிகாஹெர்ட்ஸ் என்றால் 1.22 வோல்ட் போதும். 4.5-க்குப் போனால் கிடைப்பது 7 சதவீத வேகம். அதற்காகச் சூடு ஏறத்தாழ 25 சதவீதம் கூடுகிறது. 4.2-ல் நிறுத்திவிட்டேன். நான்கு கோரும் ஓடும்போது கம்பெனி செட்டிங்கில் வருவது 3.4 தான், 50 நிமிடம் பிடித்த எக்ஸ்போர்ட் இப்போது 41 நிமிடம். சொல்லிக்கொள்ளும்படியான நம்பர் இல்லை, ஆனால் இத்தனை வருடமாக ஒரு தடவைகூடத் தொங்கவில்லை.

கிராபிக்ஸுக்கு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. தனி பவர் ஒயர் கேட்காத மாடல் என்பதால் மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவில்லை. விண்டோஸ் 11 இந்த சிப்பை ஏற்காது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதனால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டு மகளுக்குக் கொடுத்துவிட்டேன். எடிட்டிங்குக்கு லேப்டாப் வந்துவிட்டது, எப்போதாவது பழைய ஃபைல் ஒன்றைக் கன்வர்ட் செய்ய மட்டும் இதில் உட்காருவேன்.

போன மாதம் அப்படி உட்கார்ந்தபோது அதே அளவு ஃபைலுக்கு 50 நிமிடம் ஆனது. போர்டில் உள்ள, நாணயம் மாதிரி வட்டமான பேட்டரி தீர்ந்து, செட்டிங்குகளை வைத்திருக்கும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து பழைய வேகத்துக்கே போயிருக்கிறது. மகளிடம் கேட்டேன். "தேதி தப்பா காட்டும்பா, தினமும் நானே மாத்திப்பேன்" என்றாள். எத்தனை நாளாக? மூன்று வாரமாம். மெஷின் மெதுவாகவே தெரியவில்லையாம் அவளுக்கு.

புது சிஆர்2032 பேட்டரி போட்டு, மல்டிபிளையர் 42, வோல்டேஜ் 1.22 என்று மறுபடி செட் செய்தேன். இந்தத் தடவை அந்த இரண்டு எண்களையும் மார்க்கரால் கேபினெட் மூடியின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.