முழுப் பல்செட்: பத்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

2015ஆம் ஆண்டு மே மாதம் முதல் மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும் முழுப் பல்செட் அணிந்து வருகிறேன். இடையில் ஒருமுறை புதிதாகக் கட்டிக்கொண்டேன். இப்போது அணிந்திருப்பது இரண்டாவது செட். புதிதாகப் பல்செட் கட்டிக்கொண்டவர்கள் முதல் மாதத்து அனுபவத்தைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால், நான்காம் ஆண்டில் என்ன ஆகும், ஆறாம் ஆண்டில் என்ன ஆகும் என்பதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நான் பட்ட துன்பத்தில் பெரும்பகுதி நேர்ந்திருக்காது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் பற்கள் சொத்தையால் போகவில்லை. நீண்ட கால நீரிழிவும் கவனிக்காமல் விட்ட ஈறுநோயும் சேர்ந்து, நல்ல பற்களையே ஒவ்வொன்றாக ஆட்டம் காணவைத்தன. 2014 இறுதியில் எஞ்சியிருந்த பதினொரு பற்களும் ஆடத் தொடங்கிய பிறகு, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, நான்கு தவணைகளில் அவற்றை எடுத்துவிட்டார்கள். பற்களை எடுத்த அன்றே அணிவிக்கும் உடனடிச் செட்டும் உண்டு. ஆனால் புண் ஆறி எலும்பு வற்றும்போது அது விரைவில் தளர்ந்துவிடும் என்று மருத்துவர் விளக்கினார். பணி ஓய்வு பெற்றுவிட்டதால் நான் மூன்று மாதம் காத்திருக்க ஒப்புக்கொண்டேன். குழைந்த சோறும் கஞ்சியும் இடியாப்பமுமாகக் கழிந்த அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

செட் தயாராக ஐந்து முறை போகவேண்டியிருந்தது. முதலில் பொதுவான அளவு. அதைக்கொண்டு என் வாய்க்கென்றே செய்த தட்டில் நுட்பமான இரண்டாம் அளவு. பிறகு மெழுகு வரம்புகளை வாயில் வைத்துத் தாடைகளின் உயரத்தையும் கடியையும் குறித்தல். அடுத்து, மெழுகில் பற்களைப் பதித்து வாயில் வைத்துப் பார்த்தல். இறுதியில் அக்ரிலிக் என்னும் கெட்டியான பிளாஸ்டிக்கில் முடித்து அணிவித்தல். இந்த ஐந்தில் நான்காவதுதான் நோயாளியின் கையில் உள்ள கட்டம். மெழுகில் இருக்கும்வரை எந்தப் பல்லையும் எடுத்து நகர்த்தி வைக்கலாம். அக்ரிலிக் ஆகிவிட்டால் சிறிது தேய்த்துச் சரிசெய்யலாமே தவிர, அமைப்பை மாற்ற இயலாது. முதல் செட்டின்போது நான் கண்ணாடியில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இரண்டாம் முறை என் மனைவியையும் அழைத்துச் சென்றேன். அவள் என்னைச் சிரிக்கச் சொல்லி, பக்கவாட்டில் நின்று பார்த்து, "உங்க பழைய பல்லு இவ்வளவு வெளுப்பா இருந்ததில்லைங்க" என்றாள். அந்த ஒரு சொல்லால் பல்லின் நிறம் மாறியது. அதன் பிறகே முகம் என்னுடையதாகத் தெரிந்தது.

தமிழாசிரியராக முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால், எனக்கு உணவைவிடப் பேச்சைப் பற்றிய கவலையே பெரிதாக இருந்தது. நாவின் நுனி பரந்து மேற்பல்லின் அடியைப் பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கும், பல்லும் இதழும் இயைய வகரம் பிறக்கும் என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுவதை எத்தனையோ வகுப்புகளில் கற்பித்திருக்கிறேன். அந்த நூற்பாக்கள் எவ்வளவு நுட்பமானவை என்பதைப் பல் இல்லாத மூன்று மாதங்களில் என் வாயிலேயே உணர்ந்தேன். 'வந்தது' என்ற எளிய சொல்லில் வகரம், நகரம், தகரம் மூன்றும் சிதைந்தன. செட் அணிந்த அன்றே இவை மூன்றும் திரும்பிவிட்டன. ஆனால், அதுவரை இடர் தராத வேறு எழுத்துகள் இடறத் தொடங்கின. அண்ணத்தை மூடியிருக்கும் தட்டு நாவுக்கு உரிய இடத்தைச் சற்றுக் குறைத்துவிடுவதால், 'இசை', 'பசி' போன்ற சொற்களில் சகரம் சீழ்க்கையடித்தது. ழகரம் பலநாள் ளகரமாகவே ஒலித்தது. நாளேட்டின் தலையங்கத்தை நாள்தோறும் அரைமணி நேரம் வாய்விட்டுப் படித்தேன். ஆறு வாரத்தில் சகரம் சரியாயிற்று. ழகரம் இறுதியாக வந்து சேர்ந்தது. 'வாழைப்பழம்' என்று பேரன் எதிரில் பிழையின்றிச் சொன்ன நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பேச்சிலிருந்தே செட்டின் குறையையும் அறியலாம். சகரம் வரும் சொற்களைச் சொல்லும்போது மேற்பற்களும் கீழ்ப்பற்களும் மிக நெருங்கி வரவேண்டும், ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டு 'டக்' என்று ஒலித்தால், செட்டின் உயரம் கூடுதலாக இருக்கக்கூடும். மெழுகுக் கட்டத்திலேயே ஒரு பத்தியைப் படித்துப் பார்த்தால் இது வெளிப்பட்டுவிடும்.

முதல் இரண்டு வாரங்களில் வாயில் நீர் ஊறிக்கொண்டே இருந்தது. மூளை அதை உணவென்று எண்ணிக்கொள்வதால் அப்படி நேர்கிறது, தானே அடங்கிவிடும். கீழ்த்தாடையின் உட்புறத்தில் இரண்டு இடங்களில் புண் வந்தது. வலி பொறுக்காமல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று நாள் கழித்து மருத்துவரிடம் போனபோது, புண் ஆறிப்போயிருந்ததால் எந்த இடத்தைத் தேய்க்கவேண்டும் என்று அவரால் கண்டறிய முடியவில்லை. புண் வந்தால், போகும் நாளுக்கு முந்தைய நாளாவது செட்டை அணிந்திருக்கவேண்டும். அப்போதுதான் சிவந்த தடம் வழிகாட்டும். வீட்டில் அரத்தால் தேய்ப்பதோ கத்தியால் சுரண்டுவதோ கூடவே கூடாது.

உண்பதைப் பற்றி நேர்மையாகச் சொல்லவேண்டும். முழுச் செட் அணிந்தவரின் கடிவிசை, இயற்கைப் பல் உள்ளவரின் விசையில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். இதை ஏற்றுக்கொண்டு உணவின் பக்குவத்தை மாற்றிக்கொள்பவர்கள் நிறைவாக உண்கிறார்கள். ஒரு பக்கமாக மெல்லும் பழக்கத்தை விட்டு, கவளத்தை இரண்டாகப் பிரித்து இருபுறமும் ஒரே நேரத்தில் மெல்லக் கற்றுக்கொண்டேன்; ஒருபுறம் மட்டும் அழுத்தினால் மறுபுறம் தூக்கிக்கொள்ளும். முன்பற்களால் கடித்து இழுப்பதும் அப்படித்தான். முருங்கைக்காயை முன்பல்லால் வழித்து உண்ணும் இன்பத்தை நான் துறந்துவிட்டேன். இப்போது சதையைக் கரண்டியால் வழித்துத் தருகிறார்கள். கொய்யாவின் விதையும் எள்ளும் தக்காளி விதையும் தட்டுக்கு அடியில் புகுந்தால், அடுத்த கவளத்தில் ஊசி குத்துவதுபோல் வலிக்கும். முறுக்கை மோரில் ஊறவைத்துத்தான் உண்கிறேன். இட்லி, ஆப்பம், மீன் குழம்பு, நன்கு வெந்த கோழிக்கறி, நறுக்கிய மாம்பழம் எல்லாம் தடையின்றி இறங்குகின்றன. ஓர் எச்சரிக்கை: அண்ணம் மூடியிருப்பதால் காபியின் சூட்டை வாய் சரியாக உணரும் முன்பே தொண்டை சுட்டுவிடக்கூடும். முதல் மாதத்தில் எனக்கு இரண்டு முறை அப்படி நேர்ந்தது.

இனிதான் நான் முதன்மையாகச் சொல்ல வந்தது. மேல் செட்டும் கீழ்ச் செட்டும் ஒரே வகைப் பொருள்கள் அல்ல. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடி, உமிழ்நீரின் மெல்லிய படலத்தாலும் விளிம்புகளின் காற்றுப்புகா அடைப்பாலும் ஒட்டிக்கொள்கிறது. கீழ்ச் செட் குதிரை லாடத்தின் வடிவில், மேல் செட்டின் பரப்பில் ஏறக்குறைய பாதியளவே இடம்பெற்று, ஓயாது அசையும் நாவுக்கும் கன்னத்துக்கும் நடுவில் அமர்ந்திருக்கிறது. இதனால் தொடக்கத்திலிருந்தே அது பலவீனமானது. இதற்கு மேல், பல் போன தாடையெலும்பு வற்றிக்கொண்டே வருகிறது. முதல் ஆண்டில் வேகமாகவும், பிறகு மெதுவாகவும், ஆனால் நிற்காமலும் அது தேய்கிறது. செட் அணிந்தவர்களை இருபத்தைந்து ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்து 1972இல் வெளியான ஓர் ஆய்வு, முன்பகுதியில் கீழ்த்தாடை மேல்தாடையைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்வதைக் காட்டியது. செட் செய்த நாளில் இருந்த அளவிலேயே இருக்கிறது. அதன் அடியில் உள்ள தாடைதான் மாறிவிடுகிறது.

இது எனக்குத் தெரியாது. 2018இல் கீழ்ச் செட் தளர்ந்தபோது, அது பழையதாகிவிட்டது, இனி இப்படித்தான் என்று எண்ணிக்கொண்டேன். கடையில் ஒட்டுப்பசை வாங்கினேன். முதலில் கடுகளவு போதுமாக இருந்தது. இரண்டாண்டில் நாளொன்றுக்கு மூன்று வேளை பூசவேண்டியதாயிற்று. பசை தவறான பொருளன்று. நன்கு பொருந்திய செட்டுக்குச் சிறிதளவு துணையாக அதைப் பயன்படுத்தலாம். ஆனால், அளவு கூடிக்கொண்டே போவது செட் பொருந்தவில்லை என்பதற்கான அறிகுறி. துத்தநாகம் கலந்த பசைகளை மிகுதியாகப் பல ஆண்டுகள் பூசியவர்களுக்கு நரம்புப் பாதிப்பு ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கின்றன. ஆகவே வாங்கும்போது துத்தநாகம் அற்றதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

தளர்ந்த செட் இரவில் கழன்றுவிடும் என்ற அச்சத்தில் பசையோடேயே உறங்கவும் தொடங்கியிருந்தேன். செட் இல்லாத முகத்தைப் பிறர் பார்க்கக்கூடாது என்ற கூச்சமும் அதற்குக் காரணம். 2020இல் பொதுமுடக்கம் வந்து கிளினிக்குகள் மூடியிருந்த மாதங்களில் வாயோரங்கள் வெடித்தன. அண்ணம் தட்டின் வடிவத்திலேயே இரத்தச் சிவப்பாகியிருந்தது. வலி இல்லாததால் அதை நான் அறியவில்லை. பின்னர் ஓர் இளம் மருத்துவர் கண்ணாடியில் காட்டியபோதுதான் பார்த்தேன். கேண்டிடா என்னும் பூஞ்சையால் வரும் அழற்சி அது. இரவு பகலாகச் செட் அணிபவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் எளிதில் வருவது. பூஞ்சைக்கொல்லி மருந்து தந்து, இரண்டு வாரம் இரவில் கட்டாயம் செட்டைக் கழற்றச் சொன்னார் அந்த இளம் மருத்துவர். "ஐயா, நாள் முழுக்கச் செருப்பு போட்டிருக்கிற காலுக்கு ராத்திரி காத்து வேணும்ல, ஈறுக்கும் அப்படித்தான்" என்று அவர் சொன்னது என் மனத்தில் பதிந்துவிட்டது. ஜப்பானில் 85 வயதைக் கடந்த முதியோரை ஆராய்ந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், செட்டோடு உறங்குபவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருப்பது கண்டறியப்பட்டது. அன்று முதல் ஓர் இரவுகூட நான் செட்டோடு உறங்கியதில்லை.

2021இல் இரண்டாம் செட் செய்துகொண்டேன். முதல் செட்டுக்கு 8,500 ரூபாய் ஆயிற்று, இரண்டாவதற்கு 24,000. பற்கள் தேய்வைத் தாங்கும் வகை, அடித்தட்டும் எளிதில் உடையாத அக்ரிலிக். ஆனால், உண்மையான வேறுபாடு பொருளில் இல்லை. விளிம்புகளின் அளவை எடுக்க அந்த மருத்துவர் செலவிட்ட ஒன்றரை மணி நேரத்தில் இருந்தது. நாவை நீட்டச் சொல்லியும் கன்னத்தை இழுத்தும் விழுங்கச் சொல்லியும், ஒவ்வொரு தசையும் எவ்வளவு இடம் விடுகிறது என்று பதிவு செய்தார். அதன் பயனாக, கீழ்ச் செட் பசையின்றியே நின்றது. ஆண்டுக்கு ஒருமுறை காட்டிவருகிறேன். 2024இல் சற்றுத் தளர்வு தெரிந்தவுடனே அடித்தட்டில் புதுப் படலம் சேர்க்கும் ரீலைனிங் செய்தார்கள்; 3,500 ரூபாயில், ஒரே நாளில் முடிந்தது. 2018இல் இதைச் செய்திருந்தால் போதுமாக இருந்திருக்கும்.

பராமரிப்பு எளியது. ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் கழற்றி நீரில் அலசுகிறேன். இரவில் மென்மையான பிரஷும் பாத்திரம் கழுவும் திரவத்தின் ஒரு துளியும் போதும். பற்பொடியும் பற்பசையும் அக்ரிலிக்கைக் கீறிவிடுவதால் முதல் செட் இரண்டே ஆண்டில் மெருகிழந்தது. வெந்நீர் தட்டின் வடிவத்தையே கோணவைத்துவிடும். கழுவும்போது தொட்டியில் பாதியளவு நீர் நிரப்பி வைத்துக்கொள்வது என் வழக்கம். வழுக்கி விழுந்தாலும் உடையாது. இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் மூழ்கியிருக்கவேண்டும்; உலரவிடக்கூடாது. செட்டுக்கு இணையாக ஈறுகளையும் நாவையும் ஈரத்துணியால் துடைக்கவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பல் முழுவதும் இழந்த கீழ்த்தாடைக்கு, எலும்பில் செயற்கை வேர்போலப் பதிக்கும் இரண்டு இம்ப்ளாண்ட்களின்மேல் பட்டன்போலப் பொருத்தும் செட்டே முதல் தெரிவாக இருக்கவேண்டும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். கீழ்ச் செட்டோடு பத்தாண்டு வாழ்ந்தவன் என்ற முறையில் அதன் நியாயம் எனக்கு முழுமையாக விளங்குகிறது. வசதியும் உடல்நிலையும் இடம் கொடுப்பவர்கள் எலும்பு வற்றுவதற்கு முன்பே அதைப் பற்றிக் கேட்டறியவேண்டும் என்று மனமார விரும்புகிறேன். எனக்கு 70,000 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.4 ஆக இருந்தது, 7.5க்குக் கீழே வந்த பிறகு பார்க்கலாம் என்றார் மருத்துவர். சென்ற மாதப் பரிசோதனையில் 7.7 வந்திருக்கிறது. அடுத்த பரிசோதனை தை மாதத்தில்.