எக்ஸ்போஷரா, சிபிடியா, எழுதுறதா, மாத்திரையா: போர் முடிஞ்சும் முடியாதவங்களுக்கு எது சரிப்படும்?

அண்ணன் ராணுவத்துல இருந்து வந்து மூணு வருஷம் ஆகுது. எந்த ரூம்ல உக்கார்ந்தாலும் முதுகு சுவர்ல, முகம் வாசல் பக்கம். எங்கயாவது கதவு டமால்னு சாத்தினா பேசிட்டு இருக்கிற பேச்சு பாதியில நின்னுடும், கை தானா இடுப்புக்கு போகும், அங்க ஒண்ணும் இருக்காது, அப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி "என்ன சொல்லிட்டு இருந்தேன்?"னு கேப்பாரு. இதுக்குப் பேரு பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்கு அப்புறம் மனசு அதுலயே மாட்டிகிட்டு நிக்கற கோளாறுன்னு தெரியவே எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு. பேரு தெரிஞ்சப்புறம் அடுத்த தலைவலி, ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்றாங்க, ஒவ்வொருத்தரும் அவங்க சொல்றதுதான் பெஸ்ட்டுன்னு அடிச்சு சொல்றாங்க. நான் டாக்டர் இல்ல, ஆனா ரெண்டு வருஷமா அண்ணி கூட சேர்ந்து அலைஞ்சு படிச்சு கேட்டு தெரிஞ்சுகிட்டதை வச்சு ஒவ்வொண்ணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறேன்.

முதல்ல ஒரு விஷயம். பிடிஎஸ்டியை ஆற விடாம வச்சிருக்கறதுல பெரிய பங்கு தவிர்க்கறதுக்குத்தான். நெனப்பு வந்தா டிவி போட்டுடறது, கூட்டம்னா போகாம இருக்கறது, கூட இருந்த ஃப்ரெண்ட் பேரை எடுத்தா எழுந்து போயிடறது. அந்த நிமிஷம் நிம்மதியா இருக்கும், ஆனா மூளைக்கு "அது முடிஞ்சு போச்சு, இப்ப ஆபத்து இல்ல"ன்னு கத்துக்க சந்தர்ப்பமே கிடைக்காம போயிடும். நல்ல ஆதாரம் உள்ள தெரபி எல்லாமே இந்த தவிர்க்கறதைத்தான் குறி வைக்குது. எப்படி, எவ்வளவு வலியோடங்கறதுலதான் வித்தியாசம்.

ப்ரோலாங்டு எக்ஸ்போஷர், சுருக்கமா பிஇ. எட்னா ஃபோவாங்கற உளவியலாளர் உருவாக்கினது, வாரத்துக்கு ஒண்ணுன்னு 8ல இருந்து 15 செஷன், ஒவ்வொண்ணும் ஒன்றரை மணி நேரம். கண்ணை மூடிகிட்டு அந்த சம்பவத்தை இப்ப நடக்கற மாதிரியே சொல்லணும். "போனேன், பாத்தேன்"னு சொல்லக்கூடாது, "போறேன், பாக்குறேன், புகை வாசனை வருது"ன்னு சொல்லணும். முடிஞ்சதும் மறுபடி முதல்ல இருந்து. அதை ரெகார்ட் பண்ணிக் குடுத்துடுவாங்க, வீட்டுல தினமும் கேக்கணும். இது போக ஒதுக்கி வச்ச இடங்களை லிஸ்ட் போட்டு 0ல இருந்து 100 வரைக்கும் எவ்வளவு பதட்டம்னு மார்க் குடுத்து, நடுவுல இருக்கறதுல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா போய் நின்னு பழகணும்.

கேக்க கொடூரமா இருக்கு இல்ல? ஆனா வேலை செய்யுது, பல வருஷ ஆராய்ச்சி பின்னாடி இருக்கு. எங்க வீட்டுல உதைச்சது அந்த ரெகார்டிங்தான். அண்ணன் ஹெட்போனை மாட்டிகிட்டு கட்டில் ஓரத்துல உக்காருவாரு, போர்வை ஓரத்தைக் கையில சுருட்டிகிட்டே இருப்பாரு, பன்னெண்டாவது நிமிஷத்துல ஒரு இடம் வரும், அதுக்கு சரியா கொஞ்சம் முன்னாடி கட்டைவிரல் தானா போய் பாஸ் பட்டனை அமுக்கிடும். நாலு வாரமும் அதே பன்னெண்டாவது நிமிஷம். அஞ்சாவது வாரம் அண்ணி போன் பண்ணி "தம்பி, அவரு இனிமே போக மாட்டேங்கறாரு, நீ வந்து சொல்லிப் பாரு"ன்னாங்க. நான் போனேன், பேசினேன், ஒண்ணும் நடக்கல.

காக்னிடிவ் ப்ராசஸிங் தெரபி, அதாவது சிபிடி, வேற பாதை. பட்ரீசியா ரெசிக் உருவாக்கினது, வழக்கமா 12 செஷன். இதுல சம்பவத்தை விலாவாரியா திரும்பத் திரும்ப சொல்ல வேண்டியதில்ல, அதைப் பத்தி மனசுக்குள்ள உக்காந்துட்ட தீர்ப்பைத்தான் விசாரிக்கிறாங்க. "நான் அஞ்சு நிமிஷம் முன்னாடி வண்டியை நிறுத்தச் சொல்லியிருந்தா அவன் உயிரோட இருந்திருப்பான்", இந்த மாதிரி ஒரு வரி மனசுல முள்ளு மாதிரி மாட்டிகிட்டு இருக்கும். தெரபிஸ்ட் "இல்லப்பா உன் தப்பு இல்ல"ன்னு ஆறுதல் சொல்ல மாட்டாங்க (அதை வீட்டுல எல்லாரும் சொல்லி ஏற்கனவே வேலைக்காகல). "அந்த நேரத்துல உனக்கு என்ன தெரியும்? இப்ப தெரியறதுல எது அப்ப தெரியாது?"ன்னு கேட்டுகிட்டே போவாங்க, அவரே எழுதி அவரே பதில் கண்டுபிடிக்கணும். பின்னாடி வர்ற செஷன்கள்ல பாதுகாப்பு, நம்பிக்கை, கட்டுப்பாடு, மதிப்பு, நெருக்கம்னு அஞ்சு விஷயத்துல இந்த மாதிரி தீர்ப்புகள் எங்கெங்க பரவியிருக்குன்னு பாக்குறாங்க. பிரச்சனை என்னன்னா ஹோம்வொர்க், தாள் தாளா வரும், எழுத்துன்னாலே ஓடறவங்களுக்கு இது ஸ்கூல் மாதிரி இருக்கும்.

ரெண்டுல எது மேலன்னு அமெரிக்காவுல 916 முன்னாள் படையினரை வச்சு நேருக்கு நேர் பாத்து 2022ல முடிவை வெளியிட்டாங்க. ரெண்டு பக்கமும் முன்னேற்றம் இருந்துச்சு, கணக்குப்படி பிஇ ஒரு இழை மேல, ஆனா வாழ்க்கையில தெரியற அளவுக்கு வித்தியாசம் இல்ல. என் கண்ணு நின்னது வேற எண்ணுல. பிஇ எடுத்தவங்கள்ல கிட்டத்தட்ட 56 சதவீதம் பேரும் சிபிடில 47 சதவீதம் பேரும் பாதியில விட்டுட்டாங்க. அண்ணன் மட்டும்தான் கோழை மாதிரி ஓடினாருன்னு அவரே நெனச்சுகிட்டு இருந்தாரு, இந்த எண்ணைக் காட்டினப்ப ரொம்ப நேரம் பாத்துட்டு "பாதிப் பேருக்கு மேலயா?"ன்னு மட்டும் கேட்டாரு.

முடிச்சவங்களுக்கும் எல்லாம் சரியாயிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. படையினரை வச்சு நடந்த ஆய்வுகளை மொத்தமா எடுத்து அலசி 2015ல வந்த ஒரு கட்டுரைப்படி, இந்த ரெண்டு தெரபில பாதிப் பேர்ல இருந்து 70 சதவீதம் வரைக்கும் நல்லா தெரியற அளவு குறையுது, ஆனா சிகிச்சை முடிஞ்சப்புறமும் சுமார் மூணுல ரெண்டு பேருக்கு பிடிஎஸ்டிங்கற பேரு போகல. தூக்கம் வருது, கோவம் பாதியாகுது, குழந்தை கூட வெளிய போக முடியுது, அதெல்லாம் பெருசுதான். "பழைய ஆளா திரும்பி வந்துடுவாரு"ங்கற எதிர்பார்ப்போட போனீங்கன்னா ரெண்டாவது மாசமே குடும்பத்துல சண்டை வரும், எங்களுக்கு வந்துச்சு.

அடுத்தது எழுதற தெரபி. ரிட்டன் எக்ஸ்போஷர் தெரபின்னு பேரு, டெனிஸ் ஸ்லோன், பிரையன் மார்க்ஸ்னு ரெண்டு பேரு உருவாக்கினது. அஞ்சே செஷன். ஒவ்வொரு தடவையும் 30 நிமிஷம் கையால அதே சம்பவத்தை எழுதணும், என்ன நடந்துச்சு, அப்ப என்ன நெனச்சே, உடம்புல என்ன ஆச்சுன்னு. முன்னாடி பின்னாடி தெரபிஸ்ட் கொஞ்சம் பேசுவாங்க, எழுதினதை அவங்க வாங்கி வச்சுக்குவாங்க. வீட்டுக்கு வேலை கிடையாது. முதல்ல கேட்டப்ப எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, 12 செஷன்ல ஆகாதது அஞ்சுல ஆகிடுமான்னு. ஆனா 2018ல 126 பேரை வச்சு சிபிடி கூட ஒப்பிட்டுப் பாத்தப்ப பலன்ல இது பின்தங்கல, பாதியில விட்டவங்க இதுல 6 சதவீதம் சொச்சம், சிபிடில கிட்டத்தட்ட 40. அதுல முன்னாள் படையினரும் மத்தவங்களும் கலந்து இருந்தாங்க, படையினரை மட்டும் பாத்தா கதை வேறயா இருக்கும்னு நெனச்சா, 2023ல முன்னாள் படையினரை வச்சே பிஇ கூட ஒப்பிட்டாங்க, அதுலயும் பலன் குறையல, விட்டுட்டுப் போனவங்க 12.5 சதவீதம், பிஇல 35.6. ஹோம்வொர்க் இல்லாததுதான் ரகசியம்னு எனக்குத் தோணுது. அந்தப் பன்னெண்டாவது நிமிஷத்தை வீட்டுக்கு எடுத்துட்டு வர வேண்டியதில்ல, அந்த ரூம்லயே விட்டுட்டு வந்துடலாம்.

இன்னொரு வழி, வாரத்துக்கு ஒண்ணுங்கறதை நெருக்கிடறது. பணியில இருக்கற படையினருக்கு 2 வாரத்துல 10 பிஇ செஷன் குடுத்து, 8 வாரம் இழுத்த அதே 10 செஷனோட 2018ல ஒப்பிட்டாங்க, நெருக்கினது எந்த விதத்துலயும் மட்டமில்ல. லீவு போட முடிஞ்சவங்களுக்கு, செஷனுக்கு செஷன் நடுவுல ஆறு நாள் உக்காந்து பயந்துகிட்டே இருக்கறவங்களுக்கு, இது கேட்டுப் பாக்க வேண்டிய விஷயம்.

இஎம்டிஆர் பத்தி நீளமா எழுத எனக்கு விருப்பமில்ல. ஃப்ரான்சின் ஷாப்பிரோ 1987ல ஆரம்பிச்சது, நினைவை மனசுல வச்சுகிட்டே தெரபிஸ்டோட விரலை இடமும் வலமுமா கண்ணால தொடர்ந்து பாக்கணும். பலன் இருக்கு, பெரிய சிகிச்சை வழிகாட்டிகள்ல இடமும் இருக்கு. அந்தக் கண்ணசைவு உண்மையிலயே தேவையா, இல்ல அதுவும் ஒரு வகை எக்ஸ்போஷர்தானாங்கற சண்டை இன்னும் ஓயல. நடந்ததை வாய் விட்டு விலாவாரியா சொல்லவே முடியாதுன்னு இருக்கறவங்களுக்கு, நல்லா பயிற்சி எடுத்த ஆள் கிடைச்சா, தாராளமா போகலாம்.

மாத்திரைக்கு வருவோம், இங்கதான் எங்களுக்கு சூடு பட்டுச்சு. பிடிஎஸ்டிக்குன்னு அமெரிக்காவுல மருந்துக்கு அனுமதி குடுக்கற எஃப்டிஏ ஒத்துகிட்டது ரெண்டுக்குத்தான், செர்ட்ரலின், பராக்ஸெடின், ரெண்டும் மனச்சோர்வுக்குக் குடுக்கற மாத்திரைகள். வென்லாஃபாக்சினையும் டாக்டர்கள் பரிந்துரைக்கிறாங்க. பலன் தெரிய சில வாரம் ஆகும், வயிறு படுத்தும், தாம்பத்யத்துல பிரச்சனை வரலாம் (இதை டாக்டர் கிட்ட சொல்ல வெக்கப்பட்டுகிட்டே நிறைய பேர் மாத்திரையை நிறுத்திடறாங்க, சொன்னா மாத்திக் குடுப்பாங்க), திடீர்னு நிறுத்தவும் கூடாது. அமெரிக்காவுல முன்னாள் படையினர் துறையும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2023ல போட்ட வழிகாட்டி, ரெண்டும் கிடைக்கற இடத்துல மாத்திரையை விட தெரபியை முன்னாடி வைக்கச் சொல்லுது. என் கருத்தும் அதான், ஆனா தெரபிஸ்டே இல்லாத ஊர்ல, இல்ல தெரபி ரூமுக்குள்ள கால் வைக்கவே முடியாத நிலைமைல, மாத்திரை ஒண்ணும் ரெண்டாந்தரம் இல்ல, வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போற கைத்தடி.

ஆனா பதட்டத்துக்கும் தூக்கத்துக்கும் குடுக்கற பென்சோடயசபைன் வகை மாத்திரை வேற கதை. தூக்கம் வரலன்னு போனப்ப ஒரு டாக்டர் அஞ்சு நிமிஷத்துல எழுதிக் குடுத்தது அதுதான். முதல் வாரம் அண்ணன் தூங்கினாரு, நாங்களும் தூங்கினோம், சந்தோஷமா இருந்தோம். ரெண்டு மாசத்துல ஒண்ணு போதல, பகல்லயும் மந்தமா இருந்தாரு, அதுக்கு மேல சாயங்காலம் குடிச்சா மூச்சு என்ன ஆகுமோன்னு அண்ணி ராத்திரி எல்லாம் முழிச்சு உக்காந்திருந்தாங்க. அதே வழிகாட்டி பிடிஎஸ்டிக்கு இதைக் குடுக்காதீங்கன்னு சொல்லுதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. இதைப் படிச்சிட்டு நீங்களா பட்டுன்னு நிறுத்திடாதீங்க, அது அதை விட ஆபத்து, டாக்டர் மேற்பார்வைல மெதுவாத்தான் குறைக்கணும், எங்களுக்கு நாலு மாசம் ஆச்சு. கெட்ட கனவுக்கு பிரசோசின்னு ஒண்ணு இருக்கு, அடிப்படையில ரத்த அழுத்த மாத்திரை. 2018ல 304 முன்னாள் படையினர்கிட்ட சோதிச்சப்ப வெறும் டம்மி மாத்திரையை விட மேலா வரல, ஆனாலும் சிலருக்கு கேக்குதுன்னு டாக்டர்கள் இன்னும் குடுத்துப் பாக்குறாங்க.

குடியை நிறுத்திட்டு வாங்க, அப்புறம் தெரபி பாக்கலாம்னு சிலர் திருப்பி அனுப்புவாங்க. ரெண்டையும் சேர்த்தே பாக்கலாம், குடிக்கறதுங்கற ஒரே காரணத்துக்காக பிடிஎஸ்டி சிகிச்சையைத் தள்ளிப் போட வேண்டியதில்ல. ஆனா செத்துப் போயிடலாம்ங்கற பேச்சு வந்தா இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம், முதல்ல துப்பாக்கியும் மாத்திரையும் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகணும், அன்னைக்கே ஆஸ்பத்திரி.

நாய் வளர்க்கறது, யோகா, பழைய ஆட்களோட வாராவாரம் சந்திக்கறது, இதெல்லாம் துணைக்கு நல்லது, தனியா நின்னு வேலையை முடிக்காது. ஒண்ணே ஒண்ணு, பிஇயை விட்டுட்டு வந்தவரை மறுபடி ஒரு தெரபிக்குக் கிளப்பினது நானும் இல்ல அண்ணியும் இல்ல, அந்த மாதிரி கூட்டத்துல இருந்த ஒரு பெரியவர். எம்டிஎம்ஏங்கற போதைப்பொருளை பிடிஎஸ்டிக்கு மருந்தா குடுக்கறதைப் பத்தி வாட்ஸப்ல வர்றதையெல்லாம் நம்பி காத்திருக்காதீங்க, 2024 ஆகஸ்ட்ல எஃப்டிஏ அதுக்கு அனுமதி தரல.

என்னைக் கேட்டா தேர்வு பண்றதுக்கு ரெண்டு கேள்விதான் உதவுச்சு. பயமா, குத்த உணர்ச்சியா? பயம்தான் முக்கியம்னா, சத்தம், கூட்டம், ரோடுன்னா, எக்ஸ்போஷர் வகை நேரா அங்க போய் நிக்கும். "நான் காப்பாத்தல", "நான் செஞ்சது தப்பு"ங்கறது உள்ள அரிச்சுகிட்டு இருந்தா சிபிடி கிட்ட அதுக்குன்னே ஆயுதம் இருக்கு. பிஇலயும் குத்த உணர்ச்சி குறையுதுன்னு சொல்றாங்க, ஆனா நான் பாத்த வரைக்கும் கேள்வி கேட்டாத்தான் அது அசையுது. ரெண்டாவது கேள்வி, இவரு பாதியில எங்க விடுவாரு? ஹோம்வொர்க்லயா, வாய் விட்டு சொல்றதுலயா, வாராவாரம் வர்றதுலயா? அதைப் பாத்து எடுங்க. நாங்க முதல்லயே இதை யோசிச்சிருந்தா எழுதறதுல ஆரம்பிச்சிருப்போம், ஒரு வருஷம் மிச்சம்.

அண்ணன் எழுதற தெரபியோட அஞ்சு செஷனும் முடிச்சாரு. மூணாவது முடிஞ்சு வந்தப்ப சட்டை முதுகு முழுக்க நனைஞ்சிருந்துச்சு, கார்ல ஒரு வார்த்தை பேசல, ஆனா அடுத்த வாரம் அவரே சாவியை எடுத்துகிட்டு வாசல்ல நின்னாரு. கனவு வாரத்துக்கு ஒண்ணுன்னு குறைஞ்சிருக்கு. சுவரோரம் உக்காரறது இன்னும் போகல. அந்த வண்டி விஷயமும் போகல, அதுக்காக போன வாரம் சிபிடி ஆரம்பிச்சிருக்காரு. முதல் ஹோம்வொர்க், அது ஏன் நடந்துச்சுன்னு நீ நெனக்கிற, அதனால உன்னைப் பத்தியும் உலகத்தைப் பத்தியும் என்ன நம்புறன்னு ஒரு பக்கம் எழுதணும். ராத்திரி ரெண்டு வரி எழுதிட்டு பேனாவை வச்சுட்டு படுக்கப் போயிட்டாருன்னு அண்ணி சொன்னாங்க. காலைல மேஜையில பாத்தா பக்கம் முழுக்க இருந்துச்சாம், பின்பக்கமும் பாதி. அண்ணி படிக்கல, மடிச்சு அவரு சட்டைப் பையில வச்சுட்டாங்க.