பழைய லேப்டாப், புது டிஸ்க்: க்ளோனா, புது விண்டோஸா, லினக்ஸா?

லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதிதாக ஒன்று வாங்கியாயிற்று. அடுத்து என்ன செய்வது என்று காரைக்குடியில் யாரிடம் கேட்டாலும் மூன்றில் ஒரு பதில் வரும்: "அப்படியே க்ளோன் பண்ணிரலாம்" (பழைய டிஸ்க்கை முழுதாக நகலெடுப்பது), "புதுசா விண்டோஸ் போட்ருவோம்", "லினக்ஸ் போட்டுப் பாருங்க" (விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம்). எது சரி என்பதைத் தீர்மானிப்பது பழைய டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான். அதைப் பார்க்காமல் வேலையைத் தொடங்குவதால் வரும் இழப்பைக் கண்ணால் பார்த்தேன். அதனால் இதை எழுதுகிறேன்.

கோட்டையூரில் தெரிந்த ஆச்சி ஒருவரின் லேப்டாப். 2015-இல் வாங்கியது, 4 ஜிபி ராம், 1 டிபி டிஸ்க், நிமிடத்துக்கு 5400 சுற்று. படைப்புக்கு (பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) சேரும் பங்காளிகளின் பட்டியல், புள்ளிவாரியாக, அதாவது குடும்பவாரியாக, வசூலான வரவு, செலவு, பத்து வருடத்துப் போட்டோக்கள் எல்லாம் அதில்தான். டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட ஆரம்பித்ததும் ஒரு கடையில் கொடுத்து எஸ்எஸ்டிக்கு (சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்) க்ளோன் செய்து வாங்கியிருக்கிறார். கடையில் நன்றாக ஓடியது. மறுநாள் காலை வீட்டில் போட்டால் கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்', அதாவது தொடங்குவதற்கு டிஸ்க் இல்லை என்று. "தம்பி, பெட்டி போனாப் போகுது, படைப்புக் கணக்கு போயிறக் கூடாது" என்று ஆச்சி சொன்னபோதுதான் நான் உள்ளே நுழைந்தேன்.

க்ளோனில் பெரிய வசதி, எதுவும் மாறாது. டேலி, பிரிண்டர், பாமினி எழுத்துரு, டெஸ்க்டாப்பில் ஐகான் இருக்கும் இடம் வரை அப்படியே வரும். கடைக் கணக்கை டேலியில் வைத்திருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், ஆனால் டிஸ்க் நல்ல நிலையில் இருக்கும்போது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 'ரீஅலொகேட்டட் செக்டர்ஸ்' (கெட்டுப்போய் மாற்று இடம் தரப்பட்டவை), 'கரண்ட் பெண்டிங் செக்டர்ஸ்' (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை) இரண்டுக்கும் நேரே மூல மதிப்பு ('ரா வேல்யூ') பூஜ்யமாக இருந்தால் தைரியமாக க்ளோன் செய்யலாம். பெண்டிங் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் வேண்டாம். சாதாரண க்ளோன் கருவி கெட்டுப்போன இடத்தில் முட்டி நிற்கும், இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிட்டுப் போகும். ஆச்சியின் போட்டோக்களில் பல பாதிக்குக் கீழே சாம்பல் நிறமாகத் திறந்ததற்குக் காரணம் அதுதான்.

க்ளோன் செய்த பிறகு இன்னொன்று: பழைய டிஸ்க்கையும் புதியதையும் ஒரே நேரத்தில் மாட்டி வைக்காதீர்கள். இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும். புதியது கொள்ளளவில் சிறியதாக இருந்தால் க்ளோன்ஜில்லா என்ற இலவச க்ளோன் கருவி இயல்பான அமைப்பில் மறுத்துவிடும். முதலில் பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷனை (டிஸ்க்குக்குள் இருக்கும் பிரிவு) சுருக்க வேண்டும்.

கெட்டுக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் மீட்புக் கருவிதான் சரி. நல்ல இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எது வரை வந்தோம் என்று ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

புதிதாக விண்டோஸ் போடுவது பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு, லைசன்ஸ் மறுபடி வாங்க வேண்டும் என்று. வேண்டியதில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து கம்பெனி விண்டோஸோடு வரும் லேப்டாப்களில் கீ பயாஸிலேயே (மதர்போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள்) பதிந்திருக்கும். விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் லைசன்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க்கோடு இல்லை. முன்பு இருந்த அதே எடிஷனைப் போட வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவில் விற்ற பல லேப்டாப்களில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' இருக்கும். அங்கே 'ப்ரோ' போட்டால் ஆக்டிவேட் ஆகாது.

இன்ஸ்டால் நடுவழியில் நிற்பதற்கு, நான் பார்த்தவரை, பெரும்பாலும் பூட் முறைதான், அதாவது மெஷின் தொடங்கும் முறைதான், காரணம். பழையது லெகசி, புதியது யுஇஎஃப்ஐ. விண்டோஸ் போட லெகசிக்கு எம்பிஆர், யுஇஎஃப்ஐக்கு ஜிபிடி என்ற முறையில் டிஸ்க் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். 'இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது, ஜிபிடி முறையில் இருக்கிறது' என்று வந்தால் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம். பென்டிரைவ் பழைய லெகசி முறையில் பூட் ஆகியிருக்கிறது. பூட் மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு தடவை தெரியும். 'யுஇஎஃப்ஐ' என்று முன்னால் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் என்று மறுத்தால் ஷிஃப்ட்டும் எஃப்10-ம் சேர்த்து அழுத்தி, டிஸ்க்பார்ட் என்ற கட்டளைக் கருவியில் அந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து 'க்ளீன்', 'கன்வர்ட் ஜிபிடி' என்று அடியுங்கள். எந்த டிஸ்க் என்று அளவைப் பார்த்து உறுதி செய்யாமல் 'க்ளீன்' அடிக்காதீர்கள், பார்ட்டிஷன் எல்லாம் போய்விடும். டிஸ்க்கே பட்டியலில் வரவில்லை என்றால் பழைய மெஷினில் கனெக்டர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதும் என்றால் விஎம்டி (இன்டெல்லின் டிஸ்க் கட்டுப்பாட்டு முறை) டிரைவரை ஏற்ற வேண்டியிருக்கும். முதல் ரீஸ்டார்ட்டில் மறுபடி ஆரம்பத்துக்கே போனால் பென்டிரைவைக் கழற்றுங்கள்.

ஆச்சி வீட்டுக்கு எது என்று யோசித்தபோது விண்டோஸ் 11 முதலிலேயே அடிபட்டுவிட்டது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். சோதனையைத் தாண்டிப் போட வழி உண்டு. ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று உத்தரவாதம் இல்லாததை வயதான ஒருவர் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. விண்டோஸ் 10-க்குப் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வீட்டு உபயோகத்துக்கான நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவித்தது. அதற்கும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேண்டும்.

லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு. 4 ஜிபி ராமில் தாராளமாக ஓடும். எக்ஸெல் கோப்புகளை லிப்ரேஆபிஸ் திறக்கும், பாமினி எழுத்துருவை அதிலும் போட்டுக்கொள்ளலாம், தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். டேலி மட்டும் நேரடியாக ஓடாது, ஆச்சிக்கு அது தேவையும் இல்லை. முக்கியமான காரணம் வேறு: நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து மின்டை ஓட்டலாம். அந்த நிலையிலேயே பழைய டிஸ்க்கை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, முதலில் படைப்புக் கணக்கு ஃபோல்டரை எடுத்தேன். நாற்பது எம்பிகூட இல்லை, ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் முழு டிஸ்க்கையும் டிடிரெஸ்க்யூவில் ஒரு 2 டிபி வெளி டிஸ்க்குக்கு ஓட விட்டேன். இரண்டு இரவு ஓடியது.

நெட் கனெக்‌ஷனுக்கும் ஒரு வார்த்தை. ரவுட்டர் முகப்பில் இருக்கிறது. அந்த வீட்டுச் சுவரைத் தாண்டி வளவுக்குள் (வீட்டின் உள்முற்றப் பகுதி) வைஃபை வருவதில்லை. போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து, அதன் நெட்டைப் பகிரும் டெதரிங் போட்டேன். வைஃபை டிரைவர் இல்லாமல் இன்ஸ்டால் நிற்கும்போதும் இது கைகொடுக்கும்.

அப்படியானால் கடையில் ஓடியது மறுநாள் ஏன் ஓடவில்லை? பயாஸில் நுழைந்தபோது தேதி 2015 ஜனவரி 1 என்று காட்டியது. பயாஸ் அமைப்புகளையும் தேதியையும் காக்கும் சிமாஸ் பேட்டரி செத்திருந்தது. லேப்டாப் பேட்டரியிலும் சார்ஜ் நிற்பதில்லை. சார்ஜரைப் பிடுங்கியதும் அந்த மாடலில் பூட் முறை தொழிற்சாலை அமைப்புக்கே, அதாவது லெகசிக்கே, திரும்பிவிடுகிறது. டிஸ்க்கோ யுஇஎஃப்ஐ முறையில். வயர் வைத்த சிஆர்2032 செல் ஒன்றை மாற்றியதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. எஸ்எஸ்டி பழையதைவிட மெல்லியது, 7 மில்லிமீட்டர், பழையது 9.5. உள்ளே ஆடாமல் இருக்க ஒரு ஸ்பேசரும் வைத்தேன்.

சாம்பலாகத் திறந்த போட்டோக்களில் பதினொன்று தவிர மற்றதெல்லாம் வந்தன. அந்தப் பதினொன்றையும் எடுத்துத் தருகிறேன் என்று ஆச்சியிடம் சொல்லியிருக்கிறேன். டிடிரெஸ்க்யூவின் குறிப்புக் கோப்பு பத்திரமாக இருக்கிறது; அடுத்த வாரம் கெட்ட இடங்களை மட்டும் மறுபடி ஓட விடப் போகிறேன்.