எலிமென்ட் மாற்றினார்களாம், தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை

மார்கழி இரண்டாம் வாரம், மடிப்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் வெந்நீர் நின்றுபோனது. கீசரின் சிவப்பு விளக்கு எரியவில்லை. மின்பலகையில் எம்சிபி சுவிட்ச் விழவில்லை. அதே பிளக் பாயிண்டில் இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன், சுட்டது. ஆகக் கோளாறு கீசருக்குள்தான். இதுவரை நான் செய்தது சரி. அடுத்துச் செய்ததுதான் அசட்டுத்தனம்: கீசர் நிறுவனத்தின் பெயரைப் போட்டு இணையத்தில் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் போன் செய்தேன்.

ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். முத்திரை போட்ட சட்டை, கழுத்தில் அட்டை. அடிமூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தவர், "எலிமென்ட் போய்விட்டது சார், போர்வெல் தண்ணீர் அப்படி" என்றார். எலிமென்ட் என்றால் தண்ணீரைச் சூடாக்கும் கம்பி. எங்கள் தண்ணீரில் பக்கெட்டே வெள்ளை பூத்துக் கிடக்கும். நம்பினேன். கரண்ட் வேலை, வெளியே இருங்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டார். கால் மணி நேரம்தான். விளக்கு எரிந்தது, பிறகு வெந்நீரும் வந்தது. எலிமென்ட், கூலி, வருகைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 2,850 ரூபாய். பழைய எலிமென்டைக் கேட்டேன். ஆபீசில் கணக்குக் காட்ட வேண்டுமாம்.

ஒன்பதாம் நாள் மறுபடியும் பச்சைத் தண்ணீர். அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். மூடியைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எலிமென்ட் மாற்றினார் என்றால் பாத்ரூம் முழுக்கத் தண்ணீராக இருந்திருக்குமே?"

இல்லை. வாசல் மிதியடிகூட நனையவில்லை. எலிமென்ட் இருப்பது தொட்டிக்குள். உள்ளே நிற்கும் 15 லிட்டரையும் வடிக்காமல் அதை வெளியே எடுக்க வழியே இல்லை. எலிமென்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் காட்டினார். ஒவ்வொன்றின் தலையிலும் துருவும் சுண்ணாம்பும் கலந்து பொருக்குத் தட்டியிருந்தது. ஸ்பேனர் பட்ட கீறல் ஒன்றுகூட இல்லை.

பிறகு உள்ளே ஒரு சின்னப் பொத்தானை அழுத்தினார். 'டிக்'. சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்தது. அதுதான் கட்-அவுட். தண்ணீர் அளவு மீறிச் சூடானால் மின்சாரத்தை அறுத்துவிடும். கையால் அழுத்தினால்தான் திரும்பும். 2,850 ரூபாய்க்கு நான் வாங்கியது அந்த ஒரு 'டிக்'. (இதைப் படித்துவிட்டு நீங்களே மூடியைத் திறக்காதீர்கள். அது விழுந்ததற்குக் காரணம் இருக்கும்.) எங்கள் வீட்டில் காரணம், மின்சாரத்தை வெட்டவேண்டிய சூட்டில் வெட்டாமல் ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட். மாற்ற 600 ரூபாய், கூலியோடு. பழையதைக் கேட்காமலே என் கையில் கொடுத்தார்.

வீட்டு உரிமையாளரிடம் பாதியாவது கேட்கலாம் என்று போனேன். மனிதர் விவரமானவர். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்ட அட்டவணையில் கீசர் பழுது வாடகைதாரர் பொறுப்பு என்றே இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால்தான் மாறும். நாங்கள் எழுதவில்லை.

நிறுவனத்தின் உண்மையான எண் கீசரின் பக்கவாட்டு ஸ்டிக்கரிலேயே இருந்தது. கூப்பிட்டேன், என் பெயரில் புகாரே பதிவாகவில்லை என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்லியிருக்கிறேன். ரசீதில் ஜிஎஸ்டி எண் கிடையாது, முகவரி மட்டும் இருந்தது. தேடிப் போனேன். மாவு அரைக்கும் கடை. ரசீதை நீட்டுவதற்குள் கடைக்கார அம்மா, "கீசரா, வாஷிங் மெஷினா?" என்று கேட்டார்.