‘300 சந்தாதாரர் உத்தரவாதம்’ என்று வருகிறவர்களிடம் கவனம்: கோத்தகிரியிலிருந்து ஓர் எச்சரிக்கை

மாதச் சந்தாவுக்கு மென்பொருள் விற்கும் சின்ன நிறுவனங்களுக்காக இதை எழுதுகிறேன். “மூன்று மாதத்தில் 300 கட்டணச் சந்தாதாரர், எழுத்தில் உத்தரவாதம்” என்று ஏதாவது குரோத் ஏஜென்சி (வாடிக்கையாளர்களைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லும் நிறுவனம்) உங்களிடம் வந்திருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களிடம் ஜிஎஸ்டியோடு சேர்த்து 1,41,600 ரூபாய் வாங்கினார்கள். விவகாரம் வக்கீல் நோட்டீஸில் நிற்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் செய்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இதே விதத்தில் இன்னொருவரிடமும் செய்வார்கள்.

எங்கள் மென்பொருள் பச்சைத் தேயிலை வாங்கும் ஏஜென்டுகளுக்கும் சிறிய பேக்டரிகளுக்கும் உரியது. விவசாயி கொண்டுவரும் இலையின் எடை, மழை நாளில் ஈரத்துக்குக் கழிக்கும் கிலோ, உரத்துக்கும் அவசரத்துக்கும் வாங்கிய முன்பணம், மாதக் கடைசியில் தேயிலை வாரியம் அறிவிக்கும் விலையை வைத்துப் போடும் கணக்கு எல்லாம் அதில் இருக்கும். கட்டபெட்டு, அரவேணு, கீழ்கோத்தகிரி பக்கம் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது என்பதால் நெட் இல்லாமலும் எடையைப் பதியலாம். விவசாயிக்குக் கொடுக்கும் சிட்டையில் தமிழில் அச்சாகும். மாதம் 299 ரூபாய். ஏஜென்சி வருவதற்கு முன்பே 41 பேர் பணம் கட்டிப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் எடை போடும் இடத்துக்கு நேரில் போய், பக்கத்தில் நின்று, முதல் சிட்டையைப் போட்டுக் காட்டிச் சேர்த்தவர்கள்.

ஏஜென்சி சொன்ன கணக்கு கேட்க நன்றாகவே இருந்தது. கட்டணம் 1,20,000, ஆள் 300, ஒருவரைச் சேர்க்க 400 ரூபாய். மாதம் 299 வந்தால் இரண்டாவது மாதத்திலேயே போட்ட பணம் திரும்பிவிடும். பணம் முழுவதும் முன்கூட்டியே. ஒப்பந்தத்தில் ‘கட்டணச் சந்தாதாரர்’ என்பதற்கு ஒரு விளக்கம் எழுதியிருந்தார்கள்: எந்தத் தொகையாக இருந்தாலும் ஒருமுறை செலுத்தி, யுபிஐ ஆட்டோபேவுக்கு, அதாவது மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு, அனுமதி கொடுத்தவர். அது ஏன் என்று கேட்டோம். “முதல் மாதம் ஒரு ரூபாய் ஆஃபர் போடுகிறோம் மேடம், ஆட்டோபே இருப்பதால் அடுத்த மாதம் 299 தானாக வந்துவிடும்” என்றார் அவர்களுடைய மேலாளர். மின்னஞ்சலிலும் அதையே எழுதினார்.

ஆட்டோபே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தப் பேச்சின் ஓட்டை தெரியும். ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போக வேண்டும். அவர் தன் யுபிஐ செயலியிலேயே எந்த நேரத்திலும் அனுமதியை ரத்து செய்யலாம், நம்மைக் கேட்க வேண்டியதில்லை. அது வாடிக்கையாளருக்கு இருக்க வேண்டிய பாதுகாப்புதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அனுமதி கொடுத்தவரை எல்லாம் வாடிக்கையாளர் என்று விற்பது ஏமாற்று.

ஆட்கள் வந்தார்கள், அதுவும் மொத்தம் மொத்தமாக. ஒரே இரவில் 40, 50 பதிவுகள், பெரும்பாலும் பத்து மணிக்கு மேல். ஆன்லைனில் பணம் வந்து சேரும் பேமென்ட் கேட்வே பக்கத்தில் ஒரு ரூபாய், ஒரு ரூபாய் என்று வரிசையாக நிற்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒருவர்கூட ஒரு கிலோ எடையைப் பதியவில்லை. விவசாயி பெயர் சேர்க்கும் பக்கத்தையே யாரும் திறக்கவில்லை. ஊர் என்ற இடத்தில் சேலம், ஈரோடு, விழுப்புரம், ராமநாதபுரம் என்று இருந்தது. ராமநாதபுரத்தில் யார் பச்சைத் தேயிலை வாங்குகிறார்கள்?

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு உதவி வேண்டுமா என்று கேட்டுப் பேசுவது எங்கள் வழக்கம். அப்படி ஈரோட்டு எண் ஒன்றுக்குப் பேசினேன். எடுத்தது கல்லூரியில் படிக்கும் பெண். எடை பதிவதில் சிரமம் இருக்கிறதா என்று கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், “அக்கா, அது என்ன ஆப்னே எனக்குத் தெரியாது. டெலிகிராம் குரூப்ல டாஸ்க் குடுத்தாங்க. ஒரு ரூபா கட்டி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினா முப்பது ரூபா போடுறாங்க. மறுநாளே ஆட்டோபேயை கேன்சல் பண்ணிடச் சொன்னாங்க” என்றாள். அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளையும் அனுப்பிவைத்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த டாஸ்க் குரூப்களில் முதலில் முப்பது ரூபாய் கொடுத்து நம்பவைத்து, பிறகு ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்லிப் பறிப்பது நடக்கிறது. வெளியே வந்துவிடும்மா, பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் பேசு என்று சொல்லித்தான் வைத்தேன்.

மூன்றாம் மாத முடிவில் ஏஜென்சி அறிக்கை அனுப்பியது: இலக்கு 300, அடைந்தது 312. எங்கள் பக்கத்தில் பார்த்தால் அந்த 312 பேரில் 299 ரூபாய் கட்டித் தொடர்ந்தவர்கள் ஒன்பது பேர். அதிலும் ஏழு பேர், அதே சமயத்தில் நாங்கள் கட்டபெட்டில் நேரில் பார்த்துச் சேர்த்தவர்கள். ஆக அவர்கள் கொண்டுவந்தது இரண்டே பேர். ஒருவருக்கு 400 ரூபாய் என்றது 60,000 ரூபாயாக முடிந்தது.

பணத்தைவிட எனக்கு அதிகம் வலித்தது வேறு. புதிய தொழில் நிறுவனங்களுக்குத் தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் வழியாகக் கிடைக்கும் டான்சீட் என்ற தொடக்க நிதிக்கு நாங்கள் விண்ணப்பம் தயாரித்துக்கொண்டிருந்த நேரம் அது. “353 சந்தாதாரர்கள் என்று போடுங்கள் மேடம், வளர்ச்சி வரைபடம் அருமையாக இருக்கும்” என்று அந்த மேலாளர் சொன்னார். போட்டிருந்தால், எங்களை நம்பி இலைக் கணக்கை ஒப்படைத்த அந்த 41 பேருடைய பெயரையும் சேர்த்துப் பொய்யாக்கியதாக ஆகியிருக்கும். போடவில்லை.

ஏஜென்சி விளம்பரம் ஓட்டிய ஆன்லைன் கணக்கைத் திறந்து காட்டச் சொன்னோம். அது அவர்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கிறதாம், தர முடியாதாம். அதனால் உண்மையில் எவ்வளவுக்கு விளம்பரம் ஓடியது, யாருக்குக் காட்டினார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. மெட்டாவிலும் சரி, கூகுளிலும் சரி, கணக்கு உங்கள் பெயரில் இருக்க, ஏஜென்சிக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுக்க வழி இருக்கிறது. அதற்கு ஒத்துக்கொள்ளாத ஏஜென்சியிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது ஜிஎஸ்டி. எங்களிடம் வாங்கிய 21,600 ரூபாய் வரி எங்கள் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் (நமக்கு விற்றவர்கள் தங்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களின் பட்டியல்) வரவே இல்லை. விற்றவர் தன் ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டாவிட்டால் அந்த வரியை நாம் வரவாக எடுத்து, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. எங்கள் ஆடிட்டர் ஜிஎஸ்டி தளத்தில் அவர்கள் எண்ணைப் போட்டுப் பார்த்தார். பதிவு உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் பல மாதங்களாக ரிட்டர்ன் தாக்கல் இல்லை. யாருடைய ஜிஎஸ்டி எண்ணையும் லாகின் இல்லாமலே அங்கே பார்க்கலாம், எந்த மாதம் வரை தாக்கல் செய்திருக்கிறார்கள் என்றும் காட்டும். பணம் அனுப்பும் முன் ஐந்து நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று சில நண்பர்கள் சொன்னார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்காகச் சேவை வாங்குகிறவர் நுகர்வோர் ஆக மாட்டார். எங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்பதால் அங்கே நிற்காது, சிவில் வழக்குதான் வழி என்று குன்னூர் வக்கீல் சொன்னார். நோட்டீஸ் அனுப்பினோம். ஒப்பந்தத்தில் உள்ள விளக்கப்படி இலக்கை முடித்துவிட்டோம் என்று பதில் வந்தது. அந்த மேலாளரின் மின்னஞ்சல், ஈரோட்டுப் பெண் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகள், பதிவான நேரங்கள் எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுத்திருக்கிறோம். பதில் நோட்டீஸ் தயாராகிக்கொண்டிருக்கிறது.

இப்படி ஒருவரோடு நீங்கள் பேசிக்கொண்டிருந்தால் ஒப்பந்தத்தில் ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள்: இரண்டாவது மாதம் முழுக் கட்டணம் வங்கியில் வந்து சேர்ந்த வாடிக்கையாளருக்கு மட்டுமே ஏஜென்சிக்குப் பணம், அதுவும் அது வந்த பிறகு. அதைக் கேட்டதும் என்ன பதில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். எங்கள் வக்கீல் எழுதித் தந்த வாசகம் என்னிடம் தமிழிலும் இருக்கிறது, கேட்கிறவர்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.