பிடிக்காத வேலை: இருந்தபடியே படிப்பதா, விட்டுவிட்டுப் படிப்பதா?

அலுவலகம் கசந்துபோய் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராகும் பலரின் குழப்பம் இது.

பணம்: இருந்தால் வாடகையும் பி.எஃப். பிடித்தமும் தடைபடாது. விட்டால் சேமிப்பு கரையும்.

நேரம்: விட்டவருக்கு முழுநாளும் உண்டு. இருப்பவருக்கு விடியற்காலையும் பஸ் பயணமும்தான். ஆனால் குரூப் 4 தேர்வின் 200 கேள்விகளில் 100 தமிழ். பள்ளித் தமிழ்ப் புத்தகத்தை நாளுக்கு ஓர் இயலாக ஜன்னலோர இருக்கையிலேயே முடித்துவிடலாம். மேசையும் தாளும் கேட்பது கணக்குதான். ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுங்கள்.

மனம்: வேலை எரிச்சல் தரும். வேலையில்லாத வீட்டில் “இப்போது என்ன செய்கிறாய்?” என்று உறவினர்கள் துளைப்பார்கள்; அதுதான் அதிகம் வலிக்கும் என்பேன்.

குரூப் 4 எழுதுபவர் வேலையை விட வேண்டாம். விரிவாக எழுதும் முதன்மைத் தேர்வு கொண்ட குரூப் 1-க்கு, ஓராண்டுச் செலவுக்குக் கையிருப்பு இருந்தால் விடலாம். உடல்நலமே கெடுகிறதென்றால் தேர்வுக்காகக் காத்திருக்காமல் வெளியேறுங்கள்.