உட்டா பாயின்ட் கட்டணச் சலுகை: ஷென்டன் வேயிலிருந்து ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரில் இரும்புத்தாது வர்த்தக அலுவலகம் ஒன்றில் சரக்குக் கணக்கு பார்க்கிறேன். மேற்கு ஆஸ்திரேலிய அரசு, போர்ட் ஹெட்லாண்ட் துறைமுகத்தின் உட்டா பாயின்ட் முனையத்தில் சிறிய சுரங்க நிறுவனங்களுக்குத் தந்த கட்டணச் சலுகைக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கு.

பிஎச்பி, ஃபோர்டெஸ்க்யூ போன்ற பெரிய சுரங்க நிறுவனங்களுக்குச் சொந்த ரயில் பாதையும் சொந்தக் கப்பல் துறையும் உண்டு. சிறியவர்களோ பல டிரெய்லர் கோத்த லாரிகளில் தாதுவைச் சாலை வழியே கொண்டுவந்து, பொது முனையத்தில் குவித்து, காசு கட்டி ஏற்ற வேண்டும். 2015 ஏப்ரலில் இரும்புத்தாது விலை டன்னுக்கு 50 அமெரிக்க டாலருக்குக் கீழே போனபோது, சிறிய நிறுவனங்களில் ஒன்றான அட்லஸ் அயர்ன் தன் சுரங்கங்களை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த நேரத்தில் டன்னுக்கு ஒரு டாலர் மிஞ்சினால்கூட பெரிய விஷயம். 80,000 டன் கப்பல் ஒன்றுக்கு 80,000 டாலர் அப்படியே கையில் நிற்கும். அத்தனை பேரின் வேலை அதில் இருக்கிறது!

சரி, ஒரு மதிப்பெண் ஏன் குறைத்தேன்? லாரிச் செலவை இந்தச் சலுகை தொடுவதே இல்லை, அதுதான் சிறியவர்களை அழுத்துகிறது. அப்புறம், இப்படிப்பட்ட சலுகைக்குக் காலவரையறையை முன்கூட்டியே தெளிவாக எழுதித் தர வேண்டும். சரக்கு ஒப்பந்தங்களைப் பல மாதம் முன்னதாகவே போடுகிறோம்.